பரிமளா நிரூபித்தது என்ன? ஒரு தாமதமான பதில்

இரண்டு வருஷத்துக்கு முந்தைய டிசம்பர் 22, தேசியக் கணித தினம். பெரம்பலூரில் நான் பாடம் எடுக்கும் கல்லூரியில் வழக்கம்போல ஒரு விழா. "எப்பவும் ராமானுஜன்தானா, இந்தத் தடவை வேற யாரையாவது பேசுங்க" என்றார் துறைத்தலைவர். நான் ராமன் பரிமளாவை எடுத்துக்கொண்டேன். 1948-ல் பிறந்தவர், தமிழ்நாட்டில் வளர்ந்தவர். சென்னை ஸ்டெல்லா மாரிஸில் படிப்பு, மும்பை டாட்டா ஆய்வு நிறுவனத்தில் ஆராய்ச்சி. 1987-ல் பட்நாகர் விருது, 2005 முதல் அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகம், 2010-ல் ஹைதராபாத் உலகக் கணித மாநாட்டில் முழு அமர்வுப் பேருரை. எல்லாம் சொன்னேன். கைதட்டினார்கள்.

முடிந்ததும் எம்.எஸ்சி. முதல் வருஷ மாணவி ஒருவர் வந்து கேட்டார். அரியலூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வரும் பெண். "சார், அவங்க என்ன நிரூபிச்சாங்க?"

"இருபடி வடிவங்கள் பத்திம்மா" என்றேன்.

"அது தலைப்பு சார். என்ன நிரூபிச்சாங்க?"

என்னிடம் பதில் இல்லை. விருதுகளின் வருஷம் எல்லாம் தெரிந்திருந்தது, தேற்றம் ஒன்றுகூடத் தெரியவில்லை. பரிமளாவைப் பற்றித் தமிழில் நான் படித்த கட்டுரைகள் எல்லாமே என் உரையைப் போலத்தான் இருந்தன. 'பெண்ணாக இருந்தும் சாதித்தார்' என்று ஆரம்பித்து விருதுப் பட்டியலில் முடிகிறவை. ஒரு பாடகியைப் பற்றி எழுதிவிட்டு அவர் என்ன ராகம் பாடினார் என்று சொல்லாமல் விடுவோமா? கணிதக்காரர் என்றால் மட்டும் விட்டுவிடுகிறோம். இந்தப் பதிவு முதலில் என் அந்த உரைக்கான விமர்சனம். அப்புறம், வேங்கடபள்ளி என்றோ வேனப்பள்ளி என்றோ பலவிதமாக நம் பத்திரிகைகள் எழுதக்கூடிய வி. சுரேஷும் பரிமளாவும் சேர்ந்து எழுதிய சில கட்டுரைகளை இரண்டு வருஷம் அரியலூர்–பெரம்பலூர் பஸ்ஸில் வைத்து வாசித்ததன் விளைவு. சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்கிற பஸ்ஸில் வாசிக்க நிறைய நேரம் கிடைக்கும்.

முதலில் 1995-ல் 'இன்வென்ஷியோனே' இதழில் வந்த கட்டுரை. இருபடித் தொகுப்புகளின் மேல் உள்ள ஜீரோ சைக்கிள்கள், அவற்றின் முடிவுறுத் தேற்றங்கள் என்பது தலைப்பின் சாரம். தலைப்பிலேயே நான் ஒரு மாதம் நின்றேன். ஜீரோ சைக்கிள் என்றால் என்ன?

எங்கள் ஊர் சின்ன வெங்காய மண்டியின் கணக்கு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் வரவு, ஒரு பக்கம் பற்று. ஜீரோ சைக்கிளும் அதேதான். ஒரு வடிவத்தின் மேல் சில புள்ளிகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு எண் எழுதுவது. இந்தப் புள்ளியில் கூட்டல் 3, அந்தப் புள்ளியில் கழித்தல் 2. ஒரு சிக்கல் உண்டு. நாம் வேலை செய்யும் எண் உலகத்தில் √2 இல்லை என்றால், √2-ம் −√2-ம் ஒரே மூட்டையாகத்தான் வரும். மூட்டையைப் பிரித்து ஒன்றை மட்டும் தர மாட்டார்கள். அந்த மூட்டை ஒரே புள்ளி, ஆனால் எடை 2.

அடுத்தது தள்ளுபடி. வடிவத்துக்குள் ஒரு வளைவரை, அதன் மேல் ஒரு விகிதமுறு சார்பு. சார்பு பூஜ்யமாகும் இடங்களை வரவிலும், அது முடிவிலிக்குப் போகும் இடங்களைப் பற்றிலும் எழுதினால் கிடைக்கும் கணக்கை 'நேரான கணக்கு' என்று வைத்து அடித்துவிடலாம். இப்படி அடிக்க முடிந்ததையெல்லாம் அடித்தபிறகு எஞ்சுவதுதான் ஜீரோ சைக்கிள்களின் சௌ குலம். ஆக, கேள்வி இது: வரவும் பற்றும் எண்ணிக்கையில் சமமாக இருந்தும் அடிக்க முடியாமல் எத்தனை விதமான கணக்குகள் மிஞ்சும்?

எந்த எண் உலகம் என்பதைப் பொறுத்துப் பதில் தலைகீழாக மாறும். சிக்கலெண்களின் மேல் பல பரப்புகளுக்கு மிச்சம் கட்டுக்கடங்காமல் பெரிது என்று 1969-ல் மம்ஃபோர்டு காட்டினார். முடிவுறு களங்களின் மேல் மிச்சம் முடிவுறுவது. இரண்டுக்கும் நடுவில் நிற்பவை லோக்கல் ஃபீல்டுகள், அதாவது பி-யாடிக் எண்கள். அங்கே இரண்டு எண்கள் 'பக்கத்தில்' இருக்கின்றன என்றால் அவற்றின் வித்தியாசத்தைப் பகா எண் பி-யின் பெரிய அடுக்கு ஒன்று வகுக்கும் என்று பொருள். 5-யாடிக்கில் 1-க்கு 2-ஐ விட 626 பக்கம். 625 என்பது 5-ன் நான்காம் அடுக்கு, அதனால்.

இந்த நடு உலகத்தில் முடிவுறுமா என்பது சும்மா கேட்ட கேள்வி இல்லை. நீள்வட்ட வளைவரை ஒன்றை எடுத்தாலே மிச்சம் முடிவுறாது, அதில் பி-யாடிக் எண்களைப் போன்ற ஒரு பெரிய பகுதி இருக்கும் என்பது 1955-ல் மட்டக் காட்டியதிலிருந்தே வரும். 2007-ல் அசகுராவும் ஷூஜி சைட்டோவும் முறுக்குப் பகுதிகூட முடிவுறாத ஒரு பரப்பைக் கட்டிக் காட்டினார்கள். பிறகு சைட்டோவும் கனெடோமோ சாட்டோவும் சில நிபந்தனைகளின் கீழ், மிச்சம் என்பது ஒரு முடிவுறு பகுதியும் பி-ஐத் தவிர்த்த எண்களால் எவ்வளவு வேண்டுமானாலும் வகுபடும் ஒரு பகுதியும் சேர்ந்ததுதான் என்று நிரூபித்தார்கள். 2010, 'ஆனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்', 172-ஆம் தொகுதி. தொகுதி எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவிலும் இதற்கு ஆள் உண்டு. சாட்லே பரப்புகள் என்ற எளிய வகைக்கு லோக்கல் ஃபீல்டின் மேல் இந்தக் குலத்தைக் கையால் கணக்கிட்டவர் சந்தன் சிங் தலாவத். அங்கே மிச்சம் முடிவுறு, எந்தக் கணக்கையும் இரட்டித்தால் அடிபட்டுவிடும்.

இப்போது என் குறை. 'முடிவுறு' என்ற சொல்லை நாம் ரொம்ப எளிதாகக் கொண்டாடிவிடுகிறோம். முடிவுறு என்றால் ஒன்றாகவும் இருக்கலாம், ஆயிரம் கோடியாகவும் இருக்கலாம். கடன் இருக்கிறது, ஆனால் எல்லையில்லாதது இல்லை என்று மண்டிக்காரர் சொன்னால் நிம்மதியாகத் தூங்குவோமா? 1995 கட்டுரையை முதலில் வாசித்தபோது எனக்கு வந்த ஏமாற்றம் இதுதான். முடிவுறு என்கிறார்கள், சரி, எவ்வளவு? பூஜ்யமா, இல்லையா? அந்த ஏமாற்றம் என் அவசரம் என்று பின்னால்தான் புரிந்தது. அவர்கள் அந்த எண்ணைத்தான் பதினைந்து வருஷம் துரத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள், வேறு ஒரு பெயரில்.

வடிவம் இப்படி. ஒரு பூச்சரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நார் ஒரு வளைவரை. நாரின் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பூ; அந்தப் பூ ஓர் இருபடிச் சமன்பாட்டின் தீர்வுகளால் ஆனது. சில இடங்களில் பூ வாடியிருக்கும், பரவாயில்லை. சரத்தின் மேல் ஒரு கணக்கு எழுதி, அதை நாரில் இறக்கிப் பார்த்தால் நேராகிவிடுகிறது என்று வைப்போம். அப்போது பூக்களின் மேலும் அது நேரானதா? நாரில் நேராகியும் பூவில் நேராகாமல் மிஞ்சுபவைதான் நம் குலம்.

1993-ல் கோலியோ-தெலேனும் ஸ்கோரோபோகாடோவும் செய்த காரியம் எனக்கு இந்த முழுக் கதையிலும் மிகப் பிடித்தது. அந்தக் குலத்தைப் புள்ளியே இல்லாமல் எழுதினார்கள். நாரின் மேல் உள்ள சார்புகளில் ஒரு குறிப்பிட்ட நிபந்தனைக்கு உட்பட்டவற்றை எடு. அவற்றில் மாறிலிகளை அடி. இருபடி வடிவத்தின் ஒரு மதிப்பை இன்னொரு மதிப்பால் வகுத்து வருபவற்றையும், அவற்றின் பெருக்கங்களையும் அடி. மீதிதான் குலம். வடிவியல் கேள்வி ஒன்று, 'இந்தச் சார்பை மதிப்புகளின் விகிதமாக எழுத முடியுமா' என்ற இயற்கணிதக் கேள்வியாகிவிட்டது.

அந்தப் புள்ளியிலிருந்து, பத்தாம் வகுப்புக் கணிதம் தெரிந்தவர் யாரும் பின்தொடரலாம். கொஞ்சம் பொறுமை வேண்டும்.

ஓர் இருபடி வடிவத்தில் எத்தனை மாறிகள் இருந்தால் அது கட்டாயம் பூஜ்யமாகியே தீரும் (எல்லா மாறியும் பூஜ்யம் என்ற அற்பத் தீர்வு நீங்கலாக)? பூஜ்யமாகாமல் தப்பிக்கும் அதிகபட்ச மாறிகளின் எண்ணிக்கைக்கு யூ-இன்வேரியண்ட் என்று பெயர். முடிவுறு களத்தில் அது 2. உதாரணமாக 3-ஆல் வகுத்த மீதிகளின் உலகில் அ² + ஆ² பூஜ்யமாகாது, பார்த்துக்கொள்ளுங்கள்: வர்க்கங்கள் 0, 1 இரண்டுதான். ஆக அ² + ஆ² 3-ஆல் வகுபட்டால் அ, ஆ இரண்டும் வகுபடும்.

3-யாடிக் எண்களுக்குப் போவோம். அ² + ஆ² + 3இ² + 3ஈ² பூஜ்யமாகுமா? ஆகிறது என்று வைத்து, நான்குக்கும் பொதுவான 3-களை முதலிலேயே நீக்கிவிடுங்கள். அ² + ஆ² 3-ஆல் வகுபட வேண்டும், எனவே அ, ஆ இரண்டும் வகுபடும். அப்போது அ² + ஆ² 9-ஆல் வகுபடும். எனவே இ² + ஈ² 3-ஆல் வகுபடும், இ, ஈ-யும் வகுபடும். பொதுவான 3 இல்லை என்றோமே? முரண். ஆக நான்கு மாறியில் தப்பிக்கலாம். ஐந்தில் முடியாது என்பது பழைய தேற்றம். யூ = 4.

இனி 'த' என்ற ஒரு புதிய மாறியைச் சேர்த்து, பி-யாடிக் கெழுக்கள் கொண்ட சார்புகளின் களத்துக்கு வருவோம். இதுதான் நம் நார். மேலே சொன்ன நான்கு மாறி வடிவத்தை ஒரு தடவையும், அதையே புது மாறிகளுடன் த-வால் பெருக்கி இன்னொரு தடவையும் எழுதிக் கூட்டுங்கள். எட்டு மாறிகள். பல்லுறுப்புக்கோவைகளைப் பிரதியிட்டால் முதல் பாதியின் படி இரட்டை எண், இரண்டாம் பாதியின் படி ஒற்றை எண். உச்ச உறுப்புகள் ஒன்றையொன்று அடிக்க முடியாது. எட்டில் தப்பித்தாயிற்று.

2, 4, 8. ஒன்பதில் தப்பிக்க முடியுமா? முடியாது என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் ஒன்பதோ தொண்ணூறோ, ஏதாவது ஓர் எண்ணில் நின்றே தீரும் என்பதுகூட 1990-களின் நடுப்பகுதி வரை யாருக்கும் தெரியாது. இதுவும் முடிவுறுமா என்ற கேள்விதான், ஆள் மட்டும் வேறு.

கதவைத் திறந்தது டேவிட் சால்ட்மனின் 1997 கட்டுரை, பி-யாடிக் வளைவரைகளின் மேல் உள்ள வகுத்தல் இயற்கணிதங்கள் பற்றியது. அது வந்த இதழ் எது என்று பார்த்தபோது பஸ்ஸில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ராமானுஜன் கணிதக் கழகத்தின் இதழ். அந்தக் கழகம் 1985-ல் திருச்சியில் தொடங்கியது. அப்போது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டம்தான். பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது 1995-ல். நம் மாவட்டத் தலைநகரில் பிறந்த ஒரு கழகத்தின் இதழில் உலகமே திரும்பிப் பார்த்த கட்டுரை வந்திருக்கிறது. என் கணித தின உரையில் அதுவும் இல்லை.

அதற்குப் பின் மள மளவென்று. மெர்குரியேவ் 26 என்றார். ஹாஃப்மனும் வான் கீலும் 22 என்றார்கள். 1998-ல் பரிமளாவும் சுரேஷும் 10-க்குக் கொண்டுவந்தார்கள். அங்கே பத்து வருஷம் போல நின்றது. கடைசியில் 8. அந்தக் கட்டுரை 2010-ல் ஆனல்ஸில் வந்தது, அதே 172-ஆம் தொகுதியில். ஜீரோ சைக்கிள்களின் முடிவுறுத் தேற்றமும், எட்டும், ஒரே தொகுதியில் சில நூறு பக்க இடைவெளியில். (பரிமளா–சுரேஷ் கட்டுரை பி = 2-ஐ விட்டுவிடுகிறது.)

இப்போது பூச்சரத்துக்குத் திரும்புவோம். பூவின் சமன்பாட்டில் ஐந்து மாறிகள் இருக்கின்றன என்று வையுங்கள். அந்த வடிவத்தை 'வ' என்போம். நாரின் மேல் ஏதோ ஒரு சார்பு 'ச'. வ-வை ஒரு தடவை எழுதி, அதிலிருந்து ச பெருக்கல் வ-வைப் புது மாறிகளுடன் கழியுங்கள். மொத்தம் பத்து மாறிகள். பத்து எட்டைவிடப் பெரியது. எனவே அது பூஜ்யமாகியே தீரும். அதாவது வ-வின் ஒரு மதிப்பு = ச பெருக்கல் வ-வின் இன்னொரு மதிப்பு. ச என்பது இரண்டு மதிப்புகளின் விகிதம்! (வ தானாகவே பூஜ்யமாகும் வகை என்றால் அது எல்லா மதிப்பையும் எடுக்கும், இன்னும் எளிது.) ஆக எல்லாச் சார்பும் அடிபட்டது. மிச்சம் பூஜ்யம். முடிவுறு என்பதல்ல, பூஜ்யமே. ஒரே வரியில்.

இதை அந்த மாணவிக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். இரண்டு வருஷத் தாமதத்தில். "பத்து எட்டைவிடப் பெருசு, அவ்வளவுதானா சார்?" என்று சிரித்தார். உடனே அடுத்தது: "நாலு மாறின்னா?"

நாலு மாறி என்றால் நாலும் நாலும் எட்டு. எட்டு எட்டைவிடப் பெரியது இல்லை. கருவி சரியாக அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. அங்கேதான் 1995 கட்டுரையின் 'முடிவுறு' என்ற சொல்லுக்கு மரியாதை தெரிகிறது, என் ஏமாற்றம் எவ்வளவு அசட்டுத்தனம் என்பதும். மேலே பார்த்த அ² + ஆ² + 3இ² + 3ஈ² போல ஒரு நல்ல நாலு மாறி வடிவத்துக்கு, அந்த எட்டு மாறி வடிவம் பூஜ்யமாகுமா ஆகாதா என்பதை மூன்றாம் கோஹோமாலஜி என்ற குலத்தின் ஒரே ஓர் உறுப்பு சொல்லிவிடும். ச-வைப் பற்றி நமக்குத் தெரிய வேண்டியது அவ்வளவே. கடோ 1986-ல் அமைத்துக் கொடுத்த கருவியால் அந்த உறுப்பை, வளைவரையை பி-ஆல் ஒடுக்கும்போது கிடைக்கும் துண்டுகளின் மேல் வாசிக்கலாம். துண்டுகளும் அவை வெட்டிக்கொள்ளும் புள்ளிகளும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. முடிவுறுதல் அங்கிருந்து வருகிறது. மிச்சம் உண்மையாகவே இருக்கக்கூடிய இடத்தில், அது எதனால் கட்டுப்படுகிறது என்று சொல்லும் சொல் அது.

விமர்சனம் என்று போட்டுவிட்டுப் புகழ்ந்துகொண்டே போகக்கூடாது இல்லையா. 2010 கட்டுரை வாசகரிடம் கறாரானது. பதினைந்து பக்கம்தான், ஆனால் சால்ட்மனும் கடோவும் ஏற்கனவே மனப்பாடம் என்று எண்ணிக்கொண்டு நடக்கிறது. என்னைப் போல மாவட்டக் கல்லூரியில் உட்கார்ந்து வாசிப்பவனுக்கு ஒரு பக்கத்துக்கு ஒரு மாதம். போட்டியாக வந்த நிரூபணங்களும் உண்டு. ஹார்பேட்டர், ஹார்ட்மன், கிராஷன் மூவரும் 2009-ல் 'ஒட்டுவேலை' முறையில் எட்டை அடைந்தார்கள். 2013-ல் டேவிட் லீப் எழுதியதுதான் மிகச் சிறியது. ஹீத்-பிரவுனின் தேற்றம் ஒன்றை எடுக்கிறார்: பல இருபடி வடிவங்களுக்கு ஒரே நேரத்தில் பொதுத் தீர்வு உண்டு, ஒடுக்கிய களம் போதுமான அளவு பெரிதாக இருந்தால். களம் சின்னதாக இருந்தால் ஒற்றைப்படைப் படியில் அதைப் பெருக்கிக்கொள்கிறார்; அப்படிப் பெருக்கினால் பூஜ்யமாகாதது புதிதாகப் பூஜ்யமாகிவிடாது என்று ஸ்ப்ரிங்கரின் பழைய தேற்றம் காப்பாற்றுகிறது. பி = 2-ம் அதில் அடக்கம். மாறிகள் கூடினால் 16, 32 என்று மேலேயும் போகிறது.

அப்படியானால் லீப் போதுமே, பரிமளா–சுரேஷ் எதற்கு? நானும் சில மாதம் அப்படித்தான் நினைத்தேன். இப்போது இல்லை. லீப் தீர்வு இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். பரிமளா–சுரேஷ் வழியில் போனால், அந்த மூன்றாம் கோஹோமாலஜியின் ஒவ்வோர் உறுப்பும் மூன்றே சார்புகளால் எழுதப்படும் ஒற்றைச் சின்னம் என்பது தெரிய வருகிறது. ஐந்து மாறிக்கு லீப் போதும். எட்டும் எட்டும் மோதும் நாலு மாறி எல்லையில் நிற்பவருக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். எனக்கு அந்த எல்லைதான் முக்கியம். அதனால் என் ஓட்டு பழைய, கடினமான கட்டுரைக்கே.

போன வாரம் பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். படிப்பு முடிந்துவிட்டது, பி.எச்டி. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறார். வீட்டில் பி.எட். போகச் சொல்கிறார்களாம். லீப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ பி இரண்டா இருந்தாலும் அந்த அஞ்சு மாறி வரி ஓடும்தானே சார்? பத்து அங்கேயும் எட்டைவிடப் பெருசுதானே?"

"ஓடும்மா" என்றேன். அரியலூர் பஸ் வந்துவிட்டது.